ஐந்தாம் நாளும் அதற்குப் பின்னும்

அலகாபாத், போபால், பெங்களூர், கபூர்தலா ஆகிய ஊர்களில் தரைப்படையும், டேராடூன், மைசூர், வாராணசி முதலிய ஊர்களில் விமானப்படையும், கோயம்புத்தூர், விசாகப்பட்டினம் முதலிய ஊர்களில் கடற்படையும் தத்தம் அதிகாரிகளைத் தெரிந்தெடுப்பதற்கென்று வாரியங்கள் வைத்திருக்கின்றன. 'எஸ்.எஸ்.பி.' என்ற மூன்றெழுத்தால் இளைஞர்கள் குறிப்பிடுகிற இந்த வாரியங்களில் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், ஐந்தாம் நாள் நடக்கிற காரியம் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரே கூடத்தில் படுத்து, ஒரே மேஜையில் உண்டு, ஊரும் கல்லூரியும் மட்டுமின்றி வீட்டுக் கஷ்டங்களையும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டுவிட்ட சில பேர் வரிசையாக உட்கார்ந்திருக்க, அதிகாரி ஒருவர் உள்ளே வந்து, நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு, கையிலுள்ள தாளைப் பார்த்து, மார்பில் அணியும் 'செஸ்ட் நம்பர்'கள் சிலவற்றை வாசிக்கிறார். வாசிக்கப்பட்ட எண்ணுக்குரியவர்கள் வைத்தியப் பரிசோதனைக்காகத் தங்கிவிடுகிறார்கள். மற்றவர்கள் சான்றிதழ்க் கட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் புறப்படுகிறார்கள். ஓர் எண்கூட வாசிக்கப்படாமல் தொகுதி முழுவதுமே புறப்படுகிற நாட்களும் உண்டு.

முதல் தடவை அவ்வாறு புறப்படுகிறவர்களைப் பற்றி இங்கே சொல்லப் போவதில்லை. இரண்டாம் முறை, மூன்றாம் முறை, அதற்கும் மேலாக அதே ரயிலடிக்குப் போய்ச் சேருகிறவர்களே இக்கட்டுரையின் விஷயம். இத்தனை தடவைதான் வரலாம் என்ற பொதுவான கட்டுப்பாடு இல்லாமையால், வயது இடங்கொடுக்கும்வரை வாசல் திறந்தே இருக்கிறது. பள்ளிப்படிப்பு முடிந்ததும் பதினாறரை வயது முதல் பத்தொன்பதரைக்குள் தேசியப் பாதுகாப்பு அகாதமிக்கு முயலலாம். பட்டம் பெற்ற பின் சி.டி.எஸ். என்கிற ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணிப் பரீட்சை எழுதலாம், என்.சி.சி.யில் 'சி' சான்றிதழ் பெற்றவர்கள் எழுத்துப் பரீட்சையே இல்லாமல் நேரே வாரியத்துக்கு வரலாம். இஞ்சினீயர்களுக்கும் சட்டம் படித்தவர்களுக்கும் தனித்தனி வழிகள் இருக்கின்றன. ஒரு வகை நுழைவுக்கு முதன்முறையாக வருகிறவருக்கு ரயில் கட்டணம் கொடுக்கிற சர்க்கார், அதே வகைக்கு மறுமுறை வருகிறவருக்குக் கொடுப்பதில்லை என்பதால், 'ரிப்பீட்டர்' என்று சக அபேட்சகர்களால் அழைக்கப்படுகிற அந்த ஜீவனுக்குத் தோல்வி என்பது மனத்தை மட்டுமல்லாமல் அப்பாவின் சட்டைப்பையையும் தொடுகிற சங்கதியாகிவிடுகிறது.

மற்றப் பரீட்சைகளில் தோற்றவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. கணக்கில் முப்பது மார்க் வந்தால் கணக்கு வரவில்லை என்று தெரிகிறது. அடுத்த தடவை அதைப் படித்துக்கொள்ளலாம். எஸ்.எஸ்.பி.யில் தோற்றவருக்கோ, எந்த இடத்தில் எதற்காகத் தோற்றோம் என்று ஒருவரும் எழுதித் தருவதில்லை. முதல் நாளே வடிகட்டப்பட்டுவிட்டால் 'ஸ்கிரீன்டு அவுட்'. ஐந்தாம் நாள் அதிகாரிகள் கூடி முடிவு செய்கிற கான்ஃபரன்ஸ் வரை இருந்து திரும்பினால் 'கான்ஃபரன்ஸ் அவுட்'. இவ்வளவுதான் அவருக்குக் கிடைக்கிற தீர்ப்பின் வாசகம். காரணத்தை அவரே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். தவறான காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டு, அதைத் திருத்துவதற்குக் கடுமையாக உழைத்து, முன்னைவிட மோசமாகத் திரும்பி வருவது எவ்வளவு சாத்தியம் என்பதை எண்ணிப் பாருங்கள். ஒன்றும் தெரியாமல் போன முதல் முறை கான்ஃபரன்ஸ் வரை நின்ற ஒருவர், எல்லாம் தெரிந்துகொண்டு போன மூன்றாம் முறை முதல் நாள் மாலையே ரயிலேறுகிற வேடிக்கை இத்துறையில் புதிதல்ல.

இந்தப் பரீட்சை எங்கிருந்து வந்தது என்பதை அறிந்துகொண்டால் அந்த வேடிக்கையின் காரணம் சற்று விளங்கும். இரண்டாம் உலக யுத்தத்தின் ஆரம்பத்தில் பிரிட்டிஷ் தரைப்படை, குலத்தையும் பள்ளிக்கூடத்தின் பெயரையும் சில நிமிஷ சம்பாஷணையையும் ஆதாரமாகக் கொண்டே அதிகாரிகளைப் பொறுக்கியெடுத்து வந்தது. அப்படிப் பொறுக்கப்பட்டவர்களில் பலர் பயிற்சியின் நடுவிலேயே தகுதியற்றவர்கள் என்று திருப்பி அனுப்பப்படுவதைக் கண்டு கவலைகொண்ட பின்னரே, 1942-ல் எடின்பரோவில் மனோதத்துவ நிபுணர்களின் துணையுடன் புதிய முறையொன்று பரீட்சார்த்தமாகத் தொடங்கப்பட்டது. அந்த நிபுணர்களில் ஒருவரான வில்ஃப்ரெட் பியான் செய்த யுக்தி மிகவும் எளிமையானது: முன்பின் அறியாத எட்டுப் பத்துப் பேரைச் சேர்த்து, தலைவர் என்று ஒருவரையும் நியமிக்காமல், செய்வதற்கு ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு, ஓரமாக நின்று பார்ப்பது. ஒவ்வொருவருக்கும் தான் தேர்வாக வேண்டும் என்ற ஆசை. ஆனால் கையிலிருப்பதோ எல்லாரும் சேர்ந்து முடிக்க வேண்டிய வேலை. இந்த இரண்டுக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்ட மனிதர் பக்கத்தில் நிற்பவரை எப்படி நடத்துகிறார் என்பதைத்தான் பியான் பார்க்க விரும்பினார். 1943-ல் இம்முறை டேராடூனுக்கு வந்தது. சுதந்திரம் பெற்ற நம் சர்க்கார் இதைக் கைவிடாமல், 1949-ல் இதற்கென்றே மனோதத்துவ ஆராய்ச்சிப் பிரிவு ஒன்றை ஏற்படுத்தியது. இன்று டில்லியில் பாதுகாப்பு மனோதத்துவ ஆராய்ச்சி நிலையமாக விளங்குவது அதுவே.

மனம், வாக்கு, காயம் என்ற திரிகரணங்களும் ஒன்றுபட்டிருக்க வேண்டும் என்று நம் பெரியோர் சொல்லிவந்ததையே இந்த வாரியம் தன் வேலைப் பிரிவினையாகவும் வைத்துக்கொண்டிருக்கிறது. மனத்தைப் படிக்கிறவர் மனோதத்துவ நிபுணர். வாக்கைப் படிக்கிறவர் நேர்காணல் அதிகாரி. காரியத்தைப் படிக்கிறவர் மைதானத்தில் குழுச் சோதனைகளை நடத்தும் அதிகாரியான ஜி.டி.ஓ. பொறுப்புணர்ச்சி, முன்முயற்சி, ஒத்துழைப்பு, விரைந்து முடிவு செய்தல், தைரியம் என்று பதினைந்து குணங்களை மூவரும் தேடுகிறார்கள். கான்ஃபரன்ஸ் கூடும்வரை ஒருவர் அபிப்பிராயத்தை மற்றவர் கேட்டறிவதில்லை. அதிலும் மனோதத்துவ நிபுணர், விடைத்தாள்களைப் படிப்பாரேயன்றி, அபேட்சகரின் முகத்தை அன்றுதான் பார்க்கிறார். மூன்று இடத்திலும் ஒரே மனிதர் தென்பட்டால் வேலை சுலபம். மனத்தில் ஒருவர், வாக்கில் ஒருவர், மைதானத்தில் ஒருவர் என்று மூன்று மனிதர்கள் தென்படும்போது எந்த மனிதரைப் படைக்கு அனுப்புவது என்ற சங்கடம் அவர்களுக்கு ஏற்பட்டால், அவர்களைக் குறைகூற முடியுமா?

திரும்பத் திரும்பத் தோற்கிறவர்களில் கணிசமானவர்களின் கோளாறு இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது நம் அபிப்பிராயம். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் அவர்கள் விடைகளைத் திருத்திக்கொள்கிறார்கள், விடையளிக்கிறவரைத் திருத்திக்கொள்வதில்லை. பதினைந்து விநாடிக்கு ஒரு சொல் வீதம் அறுபது சொற்களைக் காட்டி, ஒவ்வொன்றைக் கண்டதும் மனத்தில் தோன்றும் வாக்கியத்தை எழுதச் சொல்கிற சோதனை ஒன்று இருக்கிறது. 'தோல்வி' என்ற சொல் வந்தால், அது வெற்றியின் முதற்படி என்று பயிற்சி பெற்ற கை தானே எழுதிவிடும். ஒரே நாளில் அதே வாக்கியத்தை எத்தனையோ தாள்களில் படிக்க நேர்கிற நிபுணருக்கு அதனால் அந்த மனிதரைப் பற்றி என்ன தெரியும்? அவர் எந்தக் கோச்சிங் சென்டரில் படித்தார் என்பது வேண்டுமானால் தெரியலாம்.

அரைமணி நேரத்தில் அறுபது சந்தர்ப்பங்களுக்குப் பதில் எழுதுகிற சோதனையிலும் இதே கதைதான். காட்டு வழியில் செல்லும்போது நண்பரைப் பாம்பு கடித்துவிட்டது, நீங்கள் என்ன செய்வீர்கள் என்பது போன்ற கேள்வி வந்ததும், நம் அபேட்சகர் கட்டுப் போட்டு, நண்பரைத் தோளில் சுமந்து, ஆறு கடந்து, பத்து மைல் ஓடி, ஆஸ்பத்திரியில் சேர்த்து, திரும்புகிற வழியில் திருடன் ஒருவனையும் பிடித்துப் போலீஸில் ஒப்படைத்துவிடுகிறார். படங்களைக் காட்டிக் கதை எழுதச் சொல்கிற சோதனையில் பன்னிரண்டாவதாக வெற்றுத் தாள் ஒன்றைக் காட்டுவார்கள். அங்கே எந்தக் கதையையும் எழுதலாம் என்பதால், பலர் வீட்டிலேயே கதையைத் தயாரித்துக் கொண்டுவந்து விடுகிறார்கள். அந்தக் கதையின் நாயகர் எப்போதும் வெள்ளத்தில் கிராமத்தைக் காப்பாற்றுகிறார். எழுதுகிறவர் தம் தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டபோது என்ன செய்தார் என்பது வேறு விஷயம்.

அந்த வேறு விஷயம் நேர்காணல் அறையில் வெளிவந்துவிடுகிறது. அபேட்சகர் தம் கையால் நிரப்பிக் கொடுத்த விவரப் படிவத்தை மேஜைமேல் வைத்துக்கொண்டு, அதிகாரி ஒரே மூச்சில் ஏழெட்டுக் கேள்விகளைக் கேட்கிறார்: பத்தாம் வகுப்பிலிருந்து மதிப்பெண்கள், அவை ஏறியதும் இறங்கியதும் ஏன், பிடித்த ஆசிரியர் யார், பிடிக்காதவர் யார், நண்பர்கள் யார், அவர்கள் உங்களிடம் காணும் குறை என்ன, ஓய்வு நேரத்தில் என்ன செய்கிறீர்கள்? நிஜமாக வாழ்ந்த வாழ்க்கையைச் சொல்கிறவருக்கு இதில் சிரமமில்லை. வரிசை தவறினாலும் விவரம் தவறாது. பொழுதுபோக்கு தோட்டவேலை என்று எழுதிக் கொடுத்தவரிடம், இப்போது தோட்டத்தில் என்ன பூத்திருக்கிறது என்று கேட்டால் முகம் வெளிறிப்போகிறது. கார்கில் யுத்தத்தில் உயிர்நீத்துப் பரம வீர சக்கரம் பெற்ற மனோஜ் குமார் பாண்டே, ஏன் ராணுவத்தில் சேர விரும்புகிறாய் என்று தேர்வு வாரியத்தில் கேட்கப்பட்டபோது, பரம வீர சக்கரம் பெறுவதற்காக என்று சொன்னதாக ஒரு வரலாறு உண்டு. அவர் வாயில் அது சத்தியமாக இருந்தது. அதையே மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஒப்பிக்கிறவரின் வாயில் அது என்னவாக இருக்கும் என்பதை வாசகரே நிதானித்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்குத் தனியான இடறல் ஒன்று உண்டு. முதல் நாள், மங்கலான படம் ஒன்றை அரை நிமிஷம் காட்டி, நான்கு நிமிஷத்தில் கதை எழுதச் சொல்லி, பிறகு குழுவாக உட்கார்ந்து எல்லாருக்கும் பொதுவான ஒரு கதையை நிர்ணயிக்கச் சொல்கிறார்கள். பதினைந்து பேர் ஏக காலத்தில் பேசத் தொடங்குகிற அந்தக் கூச்சலில், பெரியவர்கள் பேசும்போது குறுக்கிடாதே என்று வளர்க்கப்பட்ட பிள்ளை தன் முறை வரும் என்று காத்திருக்கிறது, முறை வருவதில்லை. முதல் தடவை மௌனத்தால் தோற்ற அதே பிள்ளை, கத்தாததுதான் காரணம் என்று முடிவுகட்டிக்கொண்டு, அடுத்த தடவை மேஜையைத் தட்டாத குறையாகக் கத்திவிட்டு மறுபடியும் தோற்கிறது. நாலு பேர் கத்தி ஓய்ந்த நொடியில், முன்பு பேசியவரின் கருத்தைப் பிடித்துக்கொண்டு அதை ஓரடி முன்னே நகர்த்துகிற இரண்டு தெளிவான வாக்கியம் போதும் என்பது, மூன்று நான்கு தோல்விகளுக்குப் பிறகே பலருக்குப் புலப்படுகிறது. மொழியும் ஒரு தொல்லை. பரீட்சையின் மொழி ஆங்கிலமானாலும், மைதானத்துக் குழுச் சோதனைகளில் கயிறும் பலகையும் கைமாறுகிற அவசரத்தில் இந்தி வந்து விழத்தான் செய்கிறது. நாலு வார்த்தை இந்தி தெரிந்துகொள்வதால் ஒருவருக்கும் குறைவு வந்துவிடாது. தெரியாவிட்டாலும், கயிற்றின் முடிச்சைச் சரியாகப் போட்டுத் தருகிறவரின் பேச்சைக் குழு கேட்கவே செய்கிறது.

மைதானத்துக்கு வருவோம். மூன்று நிமிஷத்தில் பத்துத் தடைகளைத் தாண்டுகிற தனிப்பட்ட சோதனையைப் பற்றியே புதியவர்கள் மிகவும் பயப்படுகிறார்கள். டைகர் லீப், டார்ஜான் ஸ்விங், கமாண்டோ வாக் என்ற அதன் பெயர்களிலேயே வீரரசம் ததும்புகிறது. ஆனால் அனுபவப்பட்டவர்கள் கூர்ந்து கவனிப்பது 'கமாண்ட் டாஸ்க்' என்ற வேறொன்றை. அதில் ஒவ்வொருவரும் ஒரு முறை தளபதியாகி, தம் குழுவிலிருந்து இருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ள வேண்டும். மூன்று நாள் பழகிய பிறகு யார் யாரை அழைக்கிறார்கள் என்பதைவிட நேர்மையான சாட்சியம் வேறு ஏது? திரும்பத் திரும்ப அழைக்கப்படுகிறவர், தமக்குத் தெரியாமலேயே சகாக்களிடமிருந்து ஒரு நற்சான்றிதழ் பெற்றுவிடுகிறார். ஒருவராலும் அழைக்கப்படாதவர் அன்று மாலை தனியே உட்கார்ந்து யோசித்தால், வாரியம் எழுதித் தராத காரணத்தில் பாதியை அங்கேயே தெரிந்துகொள்ளலாம். ஆனால் அந்த வேளையில் பெரும்பாலோர் மறுநாளைய கேள்விகளுக்கு விடை தேடிக்கொண்டிருக்கிறார்கள்!

தோற்றவர்களைத் தேற்றுவதற்கு நம் நாட்டில் எப்போதும் அப்துல் கலாமின் பெயர் சொல்லப்படும். 1958-ஆம் வருஷம் டேராடூனில் விமானப்படையின் தேர்வு வாரியத்துக்கு வந்திருந்த இருபத்தைந்து பேரில் கலாம் ஒன்பதாவதாக நின்றார். எடுத்துக்கொள்ளப்பட்டவர்கள் எட்டுப் பேர். மனமுடைந்து ரிஷிகேசத்துக்குச் சென்று கங்கையில் நீராடி, சுவாமி சிவானந்தரைச் சந்தித்துத் தெளிவு பெற்ற வரலாற்றை 'அக்னிச் சிறகுகள்' நூலில் அவரே சொல்லியிருக்கிறார். பின்பு டில்லியில் 250 ரூபாய் சம்பளத்தில் சீனியர் சயண்டிபிக் அசிஸ்டெண்டாகச் சேர்ந்தவர், 2006 ஜூன் 8 அன்று, எழுபத்து நான்காம் வயதில், முப்படைகளின் தலைவர் என்ற ஹோதாவில் புனாவிலிருந்து சுகோய் போர் விமானத்தில் பறந்தார். கதை அழகானதுதான். ஆனால் அதை ஆறுதலாக மட்டும் எடுத்துக்கொள்கிறவர்கள் அதன் சாரத்தை விட்டுவிடுகிறார்கள். அந்த வாரியம் அறிவைக் காட்டிலும் மிடுக்கையும் பேச்சையும் நாடியதாகத் தமக்குத் தோன்றியதை எழுதிய கலாம், அன்று தம்மிடம் இருந்த படபடப்பையும் கூடவே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஒன்பதாம் ஸ்தானத்தை அவர் அவமானமாகவும் கொள்ளவில்லை, பிற்காலப் பெருமைக்கு முன்னறிகுறியாகவும் கொள்ளவில்லை. கையில் வந்த இன்னொரு வேலையை எடுத்துக்கொண்டு அதில் முழுமனத்துடன் இறங்கினார்.

எத்தனை தடவையும் வரலாம் என்று முன்பு சொன்னதற்கு ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிட வேண்டும். விமானம் ஓட்டும் பிரிவுக்கென்று நடத்தப்படும் கம்ப்யூட்டர் சோதனையில் ஒரு முறை தவறியவர் ஆயுளில் மறுபடி அதை எழுத முடியாது. விடாமுயற்சி என்ற குணத்துக்கு அங்கே வேலையே இல்லை. அப்படியே, வாரியத்தால் ரெகமெண்ட் செய்யப்பட்டு, வைத்தியப் பரிசோதனையிலும் தேறி, காலி இடங்கள் குறைவாயிருந்த காரணத்தால் மெரிட் லிஸ்டில் பெயர் வராமல் நின்றுபோனவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் எதிலும் தோற்கவில்லை. ஆயினும் வீட்டுக்குத்தான் திரும்பினார்கள்.

சரி, அடுத்த முறை போகிறவர் என்ன செய்யலாம்? கோச்சிங் சென்டர்கள் முற்றிலும் வீண் என்று சொல்வதற்கில்லை. ஓய்வுபெற்ற அதிகாரிகள் மைதானத்தின் விதிகளை விளக்கிச் சொல்வதும், கூச்சமுள்ளவரைப் பத்துப் பேர் நடுவே பேசப் பழக்குவதும் பிரயோஜனமானவையே. ஆனால் வாரியம் தேடுகிற பதினைந்து குணங்களில் ஒன்றையாவது இரண்டு வாரத்தில் ஒருவரிடம் வளர்த்துவிட முடியும் என்று நம்புவதற்கில்லை. இரண்டு அழைப்புக் கடிதங்களுக்கு நடுவே ஐந்தாறு மாதம் கிடக்கிறதே, அதுதான் உண்மையான பயிற்சிக்காலம். அந்த மாதங்களில் ஒரு வேலையில் சேர்ந்து முதல் சம்பளம் வாங்கியவரும், ஹாஸ்டல் மெஸ் கணக்கை எடுத்து நடத்திச் சண்டை தீர்த்தவரும், தெருப் பிள்ளைகளைச் சேர்த்து மாலையில் கபடிக் குழு நடத்தியவரும் மறுமுறை அந்த அறைக்குள் போகும்போது, சொல்வதற்கு அவர்களிடம் சொந்தச் சரக்கு இருக்கிறது. விவரப் படிவத்தில், இதற்கு முன் எங்கே எப்போது வாரியத்தின் முன் வந்தீர்கள், முடிவு என்ன என்று கேட்கிற பகுதி ஒன்று உண்டு. அதை நிரப்பக் கூச வேண்டியதில்லை. அதைப் பார்த்ததும் அதிகாரி இயல்பாகக் கேட்கக்கூடிய கேள்வி, அன்றிலிருந்து இன்றுவரை என்ன செய்தீர்கள் என்பதே; அதற்குத்தான் முன்கூட்டியே விடை வேண்டும். பறங்கிமலையில் 1963-ல் தொடங்கப்பட்ட அதிகாரிகள் பயிற்சி நிலையத்திலிருந்து, 1992 முதல் பெண்களையும் சேர்த்துக்கொண்டு, நாற்பத்தொன்பது வாரப் பயிற்சி முடித்துத் தோளில் நட்சத்திரம் அணிந்து வெளிவருகிறவர்களுள், ரிப்பீட்டர் என்ற பட்டத்தைச் சுமந்து வந்தவர்கள் எவ்வளவோ பேர்.

வாரியத்திடமும் ஒரு விண்ணப்பம் இருக்கிறது. ஐந்து நாள் ஓர் இளைஞரை மூன்று நிபுணர்கள் அங்குலம் அங்குலமாக ஆராய்ந்துவிட்டு, கண்டதில் ஒரு வரியைக்கூட அவரிடம் சொல்லாமல் அனுப்பிவிடுவது அவ்வளவு பெரிய உழைப்பை விரயமாக்குவதாகும். சொன்னால் அதையும் ஒரு பாடமாக்கிக் கோச்சிங் சென்டர்கள் விற்றுவிடும் என்ற ஆட்சேபம் நியாயமானது. பட்டம் பெற்று இருபத்து நான்கு வயதில் வருகிறவர் தம் குறையைத் தாமே கண்டுபிடிக்கட்டும் என்பதும் நியாயமே. ஆனால் தேசியப் பாதுகாப்பு அகாதமிக்கு வருகிறவர்கள் பதினேழு வயதுப் பிள்ளைகள். 2022 முதல் அவர்களுள் பெண் குழந்தைகளும் இருக்கிறார்கள். அந்த வயதில் காரணம் சொல்லாமல் 'வேண்டாம்' என்று கேட்டுத் திரும்புகிற குழந்தை தானாக எந்தக் காரணத்தைக் கற்பித்துக்கொள்ளும் என்பதை வாரியத்திலுள்ள மனோதத்துவ நிபுணர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இவர்களுக்கு மட்டுமாவது, மூன்று நிபுணர்களும் ஆளுக்கு இரண்டு வரி எழுதி, உறையிலிட்டு, சான்றிதழ்க் கட்டோடு சேர்த்துக் கொடுத்தனுப்பும் ஏற்பாட்டைப் பாதுகாப்பு அமைச்சகம் யோசிக்க வேண்டும்.